கணினிக்குள் ஒரு கைப்பேசி

மானகிரியிலிருந்து காரைக்குடி சென்று கணினி பயிலும் மகனோ மகளோ, தொழுகை நேரம் காட்டும் செயலி ஒன்றை உருவாக்குவதாகக் கொள்வோம். பலவகைத் திரைகளில் அதைச் சோதிக்கப் பத்துக் கைப்பேசிகள் வாங்க வேண்டுமே எனப் பெற்றோர் மலைக்க வேண்டாம்.

கூகுள் இலவசமாகத் தரும் ‘ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ’ மென்பொருளில், ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதிக்குச் சென்று கைப்பேசியின் மாதிரியையும் ஆண்ட்ராய்டு பதிப்பையும் தேர்ந்தெடுங்கள். கணினித் திரையிலேயே ஒரு மெய்நிகர் கைப்பேசி தோன்றும். கணினியில் 16 ஜிபி நினைவகம் இருப்பது நலம். இயங்க மறுத்தால், பயாஸ் அமைப்பில் ‘விர்ச்சுவலைசேஷன்’ வசதி முடக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள்.

இருந்த இடத்திலிருந்தே அதன் இருப்பிடத்தைக் காரைக்குடி, கோலாலம்பூர், மக்கா என மாற்றலாம். நேர மண்டலத்தையும் உடன் மாற்றி, மஃரிப் நேரம் பிழையின்றி வருகிறதா எனக் காணலாம். மொழியை அரபியாக்கினால், எழுத்தும் பொத்தான்களும் வலமிருந்து இடமாக ஒழுங்குடன் அமைகின்றனவா என்பதும் விளங்கிவிடும். மின்கலம் தீரும் தறுவாயையும், மந்தமான இணையத்தையும் உண்டாக்கிப் பார்க்கலாம்.

எனினும் மெய்யான கருவியின் சூடும், அதன் திசைகாட்டி இரும்பருகே தடுமாறுவதும் இதில் புலப்படா. ஆகவே கிப்லா காட்டும் பகுதியை உண்மைக் கைப்பேசியிலும் சோதித்தல் கட்டாயம்.

சிந்தித்துப் பாருங்கள்! செயலி காட்டும் நேரத்தை நம்பியே ஒருவர் நோன்பு திறக்கிறார். சில நிமிடப் பிழையும் அந்நோன்பைப் பாழாக்கிவிடுமே! பிறர் நம்பிப் பெறுவது அமானிதம். சோதித்த பின்னரே அதைக் கையளியுங்கள்.