நவீனக் கட்டடமும் நம் ஊர் ஏரிகளும்

மனிதன் உண்பதும் உடுப்பதும் அவன் வாழும் நாட்டின் தட்பவெப்பத்துக்கு இயைய அமைவதைக் காண்கிறோம். சித்திரைத் திங்களில் கம்பளிச் சட்டை அணிந்து திண்டிவனம் கடைவீதியில் ஒருவன் வருவானாயின், சிறுவரும் அவனைக் கண்டு நகைப்பர். ஆயினும், அக்கம்பளிச் சட்டையை ஒத்த வீடுகளைப் பெரும்பொருள் செலவிட்டுக் கட்டி, அவற்றுள் நாமே புகுந்து வியர்த்து, ‘நவீன’ வீடுகள் என்று வருவோர்க்கெல்லாம் காட்டி மகிழ்கிறோம், நகைப்பார் ஒருவருமில்லை. அவ்வாறு கட்டியோருள் யானும் ஒருவன். ஆதலின் பிறரைக் குறைகூறும் தகுதி எனக்கின்று. பட்டறிந்ததைச் சொல்லும் தகுதி மட்டும் உண்டு.

விழுப்புரத்தின் பழைய தெரு ஒன்றில் எந்தையார் விட்டுச் சென்ற ஓட்டு வீடு எமக்கிருந்தது. தெருவினின்று மூன்று படி ஏறினால் திண்ணை; திண்ணையைக் கடந்தால் நடை; நடையை அடுத்து முற்றமும் அதனைச் சூழ்ந்த தாழ்வாரமும். அதனை விற்று, ஊருக்கு வெளியே புதிதாகத் தோன்றிய ஒரு குடியிருப்பில் மனை வாங்கினேன். அம்மனை முன்னாளில் ஓர் ஏரியின் போக்குக்கால் ஓடிய இடம் என்பதை விற்றவரும் சொல்லவில்லை, யானும் கேட்கவில்லை. அங்கே நான்கு பக்கமும் சிமெண்டுச் சுவர், மேலே தட்டையான கான்கிரீட் தளம், மேற்கே பெருங்கண்ணாடிச் சாளரம் ஆகியவற்றோடு ஒரு பெட்டியைக் கட்டினேன். மேற்கே கண்ணாடி வைத்ததற்குக் காரணம் யாதெனின், அண்டை வீட்டாரும் அவ்வாறே வைத்திருந்தனர் என்பதன்றி வேறொன்றுமில்லை.

கோடையில் அவ்வீடு நடந்துகொள்ளும் முறையை வீட்டார் அனைவரும் நன்கறிவர். பகலெல்லாம் வெயிலை உண்ட தளம் இரவெல்லாம் அதனைக் கீழ்நோக்கி உமிழும். பிற்பகல் மூன்று மணிக்குமேல் மேற்கு அறையில் ஒருவரும் இரார். குளிர்சாதனப் பெட்டி வைத்தோம்; அது எம் அறையின் வெப்பத்தை எடுத்து அண்டை வீட்டார் சாளரத்தின்மேல் வீசுகிறது; அவர்தம் பெட்டி எம்மேல் வீசுகிறது. இதனை ஒப்புரவு என்பதா, பகை என்பதா, அறியேன்.

கோடையின் துன்பம் இத்தகையது. மழையின் துன்பமோ இதனினும் கொடிது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெங்கல் என்னும் புயல் புதுச்சேரிக்கருகே கரையேறி, நகராது நின்று பெய்தது. நம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையேயுள்ள பாலத்தில் வெள்ளம் அபாய எல்லையைக் கடக்கவே இரயில்கள் நின்றன. சாத்தனூர் அணையினின்று விடுத்த நீர் தென்பெண்ணையின் கரைகளைக் கடந்து ஊர்களிற் புகுந்தது. விழுப்புரத்துப் புதிய பேருந்து நிலையம் குளம்போல் நின்றது. அது முன்னர் ஏரி நிலமாயிருந்தது என்பதை ஊரிலுள்ள முதியோர் எவரைக் கேட்பினும் கூறுவர். என் வீட்டினுள் முழங்காலளவு நீர் இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் பழைய தெருவுக்குச் சென்று பார்த்தேன். எந்தையார் வீட்டில் இப்பொழுது குடியிருப்போர் திண்ணையில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தனர். நீர் இரண்டாம் படியோடு நின்றுவிட்டதாம்.

அன்று முதல் என் உள்ளத்தை ஒரு வினா அரித்து வருகிறது: நாம் ‘நவீனம்’ என்பது யாது?

இதற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதின்று. விழுப்புரத்தினின்றும் திண்டிவனத்தினின்றும் ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் உள்ள புதுச்சேரியில், அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியாகிய ‘கோல்கொண்டா’ உளது. ஹைதராபாத் அரசின் நன்கொடையால் எழுந்தமையின் அப்பெயர் பெற்றது. இதனை வகுத்தவர் அந்தோனின் ரேமண்ட் என்பவர். செக் நாட்டிற் பிறந்து, அமெரிக்கக் குடியுரிமை பெற்று, ஜப்பானிற் பல்லாண்டு தொழில் புரிந்தவர். 1937-இல் வேலை தொடங்கியபொழுது உடனிருந்து நடத்தியவருள் ஒருவர் ஜார்ஜ் நாகஷிமா. அவர் பின்னர் அமெரிக்காவில் மரவேலைக் கலைஞராகப் பெரும்புகழ் எய்தினார். 1940-களில் முற்றுப்பெற்ற அக்கட்டடம் இந்தியாவில் இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட்டால் எழுந்த முதல் நவீனக் கட்டடங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

அதனைச் சற்று ஊன்றி நோக்குமாறு மாணவ நண்பர்களை வேண்டுகிறேன். கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கியவை. குறுகிய பக்கங்களே கிழக்கும் மேற்கும் நோக்கியவை. ஏறக்குறைய 12 பாகை அகலக்கோட்டில் வாழும் நமக்குக் காலை வெயிலும் மாலை வெயிலுமே சுவரைச் சுடுவன. உச்சி வெயிலைச் சிறு நிழலே தடுத்துவிடும். நீண்ட பக்கங்களிற் கட்டுச்சுவரே இல்லை எனலாம். கீழிருந்து மேல்வரை, வேண்டியவாறு திருப்பத்தக்க கிடைப்பலகைகளே சுவராக நிற்கின்றன. திறந்தால் காற்று, சாய்த்தால் நிழல், மூடினால் மழைக்குக் காப்பு. அறைகளின் உட்புறத்தே இடைவெளி விட்டு இழைத்த தேக்குச் சறுக்குக் கதவுகள் மறைவும் தருவன, காற்றையும் விடுவன. கூரையோ இரட்டைக் கூரை. கான்கிரீட் தளத்தின் மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை அடுக்கி, இரண்டுக்கும் இடையே காற்று உலவ வழி செய்துள்ளனர். சுட்ட ஓட்டைக் கொண்டு நம் கொத்தர்கள் செய்ததையே அவர் புதிய பொருளைக் கொண்டு செய்தார். குளிர்சாதனப் பெட்டி இன்றியே அங்கே மக்கள் வாழ்ந்து வருகின்றனர்.

ஒரு குறையையும் மறையாது சொல்லவேண்டும். அக்கிடைப்பலகைகள் கல்நார் கலந்த சிமெண்டால் ஆனவை. கல்நாரின் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பது இன்று நன்கறிந்த செய்தியாதலின், அப்பொருளை இன்று எவரும் பின்பற்றலாகாது. பின்பற்றத்தக்கது அவர் வீடு கட்டுமுன் கேட்ட கேள்விகளே: வெயில் எப்பக்கம் வரும்? காற்று எப்பக்கம் வரும்? மழைநீர் எங்கே போகும்?

நம் மாவட்டத்தின் வானூர் வட்டத்திலேயே பெரும்பகுதி அமைந்த ஆரோவில் நகரும் இத்தகைய பாடம் கற்பிப்பது. 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அதற்கு அடிகோலியபொழுது அவ்விடம் மரமற்ற செம்மண் மேடு. மழை பெய்தால் மண் கரைந்து கடலை நோக்கி ஓடும். வந்து குடியேறியோர் வீட்டுக்கு முன்னர் வரப்பைப் போட்டனர். நீர் நின்ற இடத்தில் மரத்தை நட்டனர். பின்னர் அச்செம்மண்ணையே சிறிது மணலும் நூற்றுக்கு 5 பங்கு அளவே சிமெண்டும் சேர்த்துப் பொறியில் அழுத்திக் கல்லாக்கினர். அக்கல்லைச் சூளையிலிட வேண்டுவதில்லை. நிழலில் வைத்து நீர் தெளித்தாற் போதும். அவ்வாறு எழுந்த வருகையாளர் மையத்துக்கு, எளியோர்க்கான கட்டடக் கலையில் ஈடுபட்ட எகிப்தியராகிய ஹசன் ஃபாத்தியின் பெயரால் அமைந்த பரிசு 1992-இற் கிடைத்தது.

அங்கும் பூசல் இல்லாமலில்லை. நகரின் நடுவே வட்டச் சாலை அமைக்கும்பொருட்டு 2021-ஆம் ஆண்டின் இறுதியில் மரங்களை அகற்றத் தொடங்கவே, வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. தீர்ப்பாயம் விதித்த கட்டுப்பாட்டை உச்சநீதிமன்றம் 2025-இல் நீக்கிற்று. சட்டம் எதுவாயினும், தாளில் வரைந்த வட்டம் பெரிதா, தரையில் வளர்ந்த மரம் பெரிதா என்னும் வினா அறிவாளர் கூடிய ஊரிலும் எழுகின்றதெனின், நம் நகராட்சிகளில் எழாதிருக்க வழியில்லை. எழுந்தால் நலமே. நம் ஊர்களிலோ அவ்வினா எழுமுன்னரே மரம் வீழ்ந்துவிடுகிறது.

நிற்க. வீட்டைப்பற்றி இத்துணை சொன்னேன். ஊரைப்பற்றிச் சொல்லவேண்டுவது இதனினும் முக்கியமானது. திண்டிவனம் என்னும் பெயர் புளியங்காடு எனப் பொருள்படும் ‘திந்திரிணி வனம்’ என்பதன் திரிபென்பர். அதனுள் அடங்கிய கிடங்கல், சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய ஓய்மானாட்டு நல்லியக்கோடனுக்கு உரிய ஊர். கிடங்கு என்னும் சொல்லுக்கு அகழி என்பதும் ஒரு பொருள். ஒரு பெயரில் மரமும் மற்றொரு பெயரில் நீரும் இருத்தல் காண்க. நம் முன்னோர் ஓர் ஏரியைத் தனியே வெட்டவில்லை. மேலேரி நிரம்பினால் அதன் கலங்கலில் வழியும் நீர் காலின் வழியே கீழேரிக்குச் செல்லும். அது நிரம்பினால் அடுத்ததற்கு. இச்சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்து அங்கே குடியிருப்பு எழுப்பினால், நீர் தன் வழியை மறப்பதில்லை. என் வீட்டினுட் புகுந்ததுபோல் புகுந்தே செல்லும்.

சீன தேசத்தார் 2015-ஆம் ஆண்டு 16 நகரங்களைத் தேர்ந்து, அவற்றைக் ‘கடற்பஞ்சு நகரங்கள்’ ஆக்கும் முயற்சியைத் தொடங்கினர். மழையைக் குழாயிலிட்டு விரட்டாமல், குளத்திலும் ஈரநிலத்திலும் நீர் ஊறும் தரையிலும் வாங்கி வைப்பது அதன் கருத்து. பெருமழையை முற்றும் தாங்கும் வலி அவற்றுக்கும் இல்லை என்பது பின்வந்த வெள்ளங்களால் தெரிந்தது. எனினும், அவர்கள் பெரும்பொருள் கொட்டிப் புதிதாகத் தோண்டுவதை ஒத்த பஞ்சு நம் ஊர்களில் முன்னரே உளது. நாமோ அதனைத் தூர்த்துப் பட்டா கேட்கிறோம்.

பழமையே இனிது என யான் பேசுவதாக எவரும் எண்ணற்க. எந்தையார் வீட்டின் அடுக்களை புகையால் இருண்டது. உத்தரத்தைக் கறையான் தின்றது. கூடத்தில் பகலிலும் விளக்கு வேண்டியிருந்தது. அத்தெருவில் யார் குடியிருக்கலாம், யார் திண்ணையில் அமரலாம் என்னும் வரம்பும் அன்று இருந்தது. அவ்வரம்பு மீண்டும் வரவேண்டா. சேரிக்கு மேடு கொடாமல் பள்ளத்தைக் கொடுத்த பழைய ஊரமைப்பின் பயனை ஒவ்வொரு வெள்ளத்திலும் இன்றளவும் காண்கிறோம். ஏரிக்கரையில் வேறிடமின்றிக் குடிசை இட்ட ஏழையையும், காசு கொடுத்து நீர்க்காலில் மாடி கட்டிய என் போன்றாரையும் ஒரே தட்டில் நிறுத்தல் நீதியன்று. முன்னவர்க்கு முதலில் மேட்டில் மனை கொடுத்துப் பின்னரே கரையைத் திருத்தல் வேண்டும்.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் பொறியாளர் பலர்; நகர்மன்றத்தில் அமர்ந்தோரும் உளர்; மனை வாங்கும் நிலையில் உள்ளோரோ எண்ணிறந்தோர். இவர்கள்பால் யான் வேண்டுவது சிறிதே. மனை வாங்குவோர் பழைய கிராம வரைபடத்தை ஒருமுறை பார்க்கட்டும். அதில் ஏரியும் காலும் தெளிவாக வரையப்பட்டிருக்கும். பொறியாளர் தாம் எழுதும் படத்தின் மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறியை இட்டுவிட்டு மறந்துபோகாமல், வீட்டையும் அதற்கேற்பத் திருப்பட்டும். நகர்மன்றத்தார், அரசாங்கக் கட்டடமாயினும் ஏரி நிலத்தைக் கேளாதிருக்கட்டும். குடிமக்கள் அதனைப் பார்த்தே கற்கின்றனர்.

என்னளவில், மேற்குச் சாளரத்தின் கண்ணாடியை எடுத்துச் சுவரெழுப்பக் கொத்தனாரிடம் பேசிவிட்டேன். அச்சுவர்க்கு வெளியே சென்ற ஆவணியில் வைத்த வேம்பு இப்பொழுது இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. தளத்தின் மேல் ஓடு வேய்ந்து நடுவே காற்றுக்கு வழிவிடல் கூடுமா என்று கேட்டதற்கு, அவர் தம் பாட்டனார் அவ்வேலை அறிந்தவர் என்றும், தாம் முயன்று பார்ப்பதாகவும் கூறினார். தரையை உயர்த்துவது மட்டும் இனி இயலாதாம். மனையாளோ, இவ்வளவும் செய்வதாயின் வாயிலில் ஒரு திண்ணையும் வேண்டும் என்கிறாள். அதற்கு மனையில் இடமில்லை; மோட்டார் வண்டி நிறுத்துமிடத்தைக் குறைத்தால் உண்டு. இதுபற்றி எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.