மடை திறக்கும் கை

மரக்காணத்து உப்பளங்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரைபவர்கள் வெறும் வெண்பரப்பாகவே கண்டு கடக்கிறார்கள். இறங்கி வரப்பில் நடந்தால் அதன் ஒழுங்கு புலப்படும். உவர்நீர் ஒரு பாத்தியில் தங்கிக் காய்கிறது. செறிவு கூடியதும் அடுத்த பாத்திக்கு விடப்படுகிறது. கடைசிப் பாத்தியில் உப்பு விளைகிறது. எஞ்சும் கசப்புநீரை வடிக்காவிட்டால் உப்பும் கசக்கும். அங்கே வரப்பு அடைத்தே இருக்கும். நீர் தாண்டவேண்டுமென்றால் ஒரு கை மடையைத் திறக்கவேண்டும்.

இதைத் தலைகீழாக்கி, எல்லா மடைகளும் திறந்தே கிடக்க, ஒவ்வொன்றையும் மறவாமல் அடைப்பது தொழிலாளியின் பொறுப்பு என்று ஓர் உப்பளம் அமைத்தால் சிரிப்போம். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியின் 'ஸ்விட்ச்' கூற்று அப்படிப்பட்டதுதான். மதிப்பு 1 என்றால் இதைச் செய், 2 என்றால் அதைச் செய் என்று கிளை பிரிப்பது அது. ஒரு கிளையின் முடிவில் 'பிரேக்' என்று எழுத மறந்தால், கட்டுப்பாடு அடுத்த கிளைக்குள் ஓசையின்றி வழிந்துவிடும். இயங்குதளங்கள் பலவும் இம்மொழியில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

இதன் பிழை தமிழ் வாசகருக்கு எளிதில் விளங்கும். 'வந்து' என்றால் செய்தி தொடர்கிறது. 'வந்தான்' என்றால் முடிகிறது. எச்சத்துக்கு ஒரு வடிவம், முற்றுக்கு ஒரு வடிவம். சி மொழியிலோ தொடர்தலுக்கு வடிவமே இல்லை, மௌனமே எச்சம். வேண்டுமென்றே விட்டதா, மறந்து விட்டதா என்பதைப் படிப்பவர் எப்படி அறிவார்?

"நல்ல நிரலாளர் மறக்கமாட்டார்" என்பார்கள். 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் தொலைதூரத் தொலைபேசி வலையமைப்பு சுமார் 9 மணி நேரம் முடங்கியது. சி நிரலில் ஸ்விட்சுக்குள் தவறான இடத்தில் அமைந்த ஒரு பிரேக் அதன் காரணம். பெல் ஆய்வகமே அப்போது அந்நிறுவனத்தின் அங்கமாக இருந்தது. அங்கே நிகழ்ந்தது மறதியன்று, இடப்பிழை. ஆயினும் நிற்பதையும் தொடர்வதையும் மனித நினைவிடம் ஒப்படைத்ததன் விலை அது.

வழிதல் பயனுள்ளது என்பது அடுத்த வாதம். பல மதிப்புகளுக்கு ஒரே செயல் என்றால் பயன்தான், மறுக்கவில்லை. ஆனால் எத்தனை முறை? பீட்டர் வான் டெர் லிண்டன் 1994இல் வெளியிட்ட நூலில், சன் நிறுவனத்தின் சி தொகுப்பானின் மூல நிரலை ஆராய்ந்து, ஏறத்தாழ 3 விழுக்காட்டில் மட்டுமே வழிதல் தேவைப்பட்டதாகக் காட்டினார். அந்த மூன்றுக்காக எஞ்சிய தொண்ணூற்றேழிலும் காவல் நிற்பது என்ன நியாயம்?

காலம் தீர்ப்பெழுதிவிட்டது. 2009இல் வந்த கோ மொழியில் வழிய வேண்டுமென்றால் வெளிப்படையாக எழுதவேண்டும். ரஸ்ட் மொழியின் 'மேட்ச்' வழிவதேயில்லை. ஒரு கிளை விடுபட்டாலும் தொகுப்பான் ஏற்க மறுக்கும். லினக்ஸ் கருவே 2019இல், வழியும் இடந்தோறும் அதைச் சொல்லால் குறிக்கும் வழக்கத்துக்கு வந்தது. சி23 தரமும் அத்தகைய குறிப்பை ஏற்றுள்ளது. ஆயினும் அங்கே குறிப்பிடாமல் வழிவது இன்றும் பிழையன்று, எச்சரிக்கைக்குரியது மட்டுமே.

மறதி மனித இயல்பு. அதைக் குற்றமாக்கும் கருவியைப் போற்றி, கருவிக்கு இரையானவரைப் பழிப்பதை நாம் திறமை என்று அழைத்துவந்திருக்கிறோம். வரப்பு தானாக நிற்கட்டும்; திறக்க விரும்பும் கை தன்னை அறிவித்துக்கொள்ளட்டும். உப்பளத்தில் எப்போதோ தெளிந்த நீதி இது.