குடோனை வைத்துக் குலம் சொல்லாதீர்கள்!

பி.காம். படிக்கிறவனுக்குப் புழுவின் வயிற்றில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது ஐயா. தப்பான கணக்கு எந்தப் பேரேட்டில் இருந்தாலும் கண்ணை உறுத்துகிறதே!

விசயம் இதுதான். குடலுக்கும் உடல் சுவருக்கும் நடுவே திரவம் நிறைந்திருக்கும் இடத்துக்கு உடற்குழி என்று பெயர். இதை வைத்து விலங்கியல் பாடப்புத்தகங்கள் ஒரு படிக்கட்டு கட்டியிருக்கின்றன. கீழ்ப்படியில் குழியே இல்லாத தட்டைப்புழு. நாடாப்புழு இந்த வகைதான். நடுப்படியில் 'போலி உடற்குழி' கொண்ட உருளைப்புழு. இதன் குழியில் உடல் சுவர்ப் பக்கம் நடு அடுக்குத் திசு உண்டு, குடல் பக்கம் கிடையாது. மேல்படியில் இரண்டு பக்கமும் அந்தத் திசு போர்த்திய 'உண்மை உடற்குழி' கொண்ட மண்புழு, நத்தை, கரப்பான், கடைசியாக நாம். அமெரிக்க விலங்கியலாளர் லிபி ஹைமன் 1940 முதல் எழுதிய பெரிய நூல் வரிசை இந்தப் பிரிவினையை நன்றாகப் பரப்பியது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்று கையில் இருந்தவை கத்தியும் நுண்ணோக்கியும்தான். என் கோபம் இன்றும் அதையே வம்சாவளி போல ஒப்பிக்க வைப்பவர்கள் மேல்.

ஒரு தெருவில் மூன்று மளிகைக் கடைகள். ஒன்றுக்கு குடோன் இல்லை, ஒன்றுக்கு தகர ஷெட், ஒன்றுக்கு பக்கா குடோன். இதை வைத்து எந்த முதலாளிக்கு யார் பங்காளி என்று சொல்ல முடியுமா? ஒருவர் இருந்த குடோனை விற்றிருக்கலாம். இன்னொருவர் தேவைக்குப் புதிதாகக் கட்டியிருக்கலாம். பங்காளி யார் என்று அறியப் பத்திரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

விலங்குகளின் பத்திரம் மரபணு. 1997-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு, ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்து, உருளைப்புழு பூச்சிகளுக்குப் பங்காளி என்றது. இரண்டும் மேல்தோலை உரித்து வளர்பவை. அந்தக் கூட்டத்துக்கு எக்டைசோசோவா என்று பெயரும் வைத்தார்கள். தட்டைப்புழுவோ மண்புழு, நத்தை பக்கம் போய்விட்டது. பின்னால் வந்த மரபணுத்தொகுதி ஆய்வுகளும் பெரும்பாலும் இதையே உறுதி செய்தன. படிக்கட்டு இடிந்து போனது!

படிக்கட்டு தன் சொந்த விதிக்கே ஒழுங்காக நிற்கவில்லை என்பது வேறு கதை. கரப்பானின் உடலில் நாம் பார்க்கும் பெரிய குழி இரத்தம் நிறைந்த குழி. அதன் உண்மை உடற்குழி சுருங்கிச் சிறு துண்டுகளாகத்தான் மிஞ்சியிருக்கிறது. ஆனாலும் அது மேல்படியில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது!

"எப்படி வகைப்படுத்தினால் என்ன, மார்க் வந்தால் போதும்" என்பவர்களுக்கு ஒன்று. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற குட்டி உருளைப்புழுவை வைத்து உலகெங்கும் மருத்துவ ஆராய்ச்சி நடக்கிறது. ஒரு மரபணு ஈயிலும் மனிதனிலும் இருக்கிறது, அந்தப் புழுவில் இல்லை என்று வையுங்கள். படிக்கட்டை நம்பினால், "புழு பிரிந்த பிறகு புதிதாக வந்த மரபணு" என்று எழுதத் தோன்றும். புதிய மரத்தைப் பார்த்தால், "முன்னோரிடமே இருந்தது, புழு தொலைத்துவிட்டது" என்று எழுத வேண்டி வரும். லாபத்தில் எழுதியது நட்டத்துக்குப் போகிறது. இது சின்னத் தவறா?

உடற்குழியைப் பாடத்திலிருந்து தூக்கச் சொல்லவில்லை. மண்புழு மண்ணைத் துளைப்பது அந்தத் திரவத்தின் அழுத்தத்தால்தான். நம் இதயமும் நுரையீரலும் தடையில்லாமல் அசைய இடம் தருவதும் அந்தக் குழிதான். உடல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்ல அது அருமையான வார்த்தை. யார் யாருக்கு உறவு என்று சொல்ல அதற்குத் தகுதி போதாது. அந்த இரண்டு வரியைப் பாடத்தில் சேர்க்க எத்தனை பக்கம் ஆகிவிடப் போகிறது?

மறுப்பு இருப்பவர்கள் பத்திரத்தோடு வாருங்கள், வாதாடலாம்.