நிலம் போச்சு, வீடு எங்கே?



சான் ஹோசே டிரிடான் ரயில் நிலையத்தைச் சுற்றி 80 ஏக்கரில் கூகுள் வளாகம். 2018 டிசம்பரில் அங்குள்ள பொது நிலத்தை விற்க நகர சபை கூடியபோது, எதிர்த்தவர்கள் நாற்காலியோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். விற்பனை நிற்கல. ஆனாலும் மக்கள் விடாமல் அழுத்தியதால், 4,000 வீடுகளில் கால்வாசி எளிய வருமானக்காரர்களுக்கு, சமூக நிதி 20 கோடி டாலர் என்று 2021 மே மாதம் ஒப்பந்தமானது. நிதியில் பெரும்பங்கு அலுவலகம் எழும்பினால்தான் வரும். 2023இல் இடிச்சதோடு வேலை நின்னுபோச்சு.

டெக் தொழிலாளியாக நான் கேட்கிறேன்: ஆபீஸ் வேண்டாம்னா வீடும் வேண்டாமா? நாம் கேட்க வேண்டியது தேதி போட்ட வாக்குறுதி. அதைவிட முக்கியம், பொது நிலத்தை விற்கவே விடக்கூடாது. உங்க ஊர் நகர சபைக்குப் போங்க.