யானை முதுகைத் தேய்க்க எந்த மெஷின்?

வேலை இல்லாத பங்குனி, சித்திரையில நான் மர பொம்மை செய்வேன்னு தெரிஞ்ச டவுன் சொந்தக்காரங்க எல்லாரும் கேக்கிறது ஒரே கேள்விதான். "மாமா, பாப்பாவுக்கு நானே ஒரு யானை செய்யலாம்னு இருக்கேன். தேய்க்க எந்த மெஷின் வாங்கட்டும்?"

மெஷின் வாங்கறதைத் தள்ளி வைங்க. நாலு விதமான உப்புத்தாளும் ஒரு நல்ல மர அரமும் முதல்ல வாங்குங்க. இதுதான் என் பதில். கேட்டவங்க முகம் கொஞ்சம் வாடிப் போகும். பரவாயில்லை.

கடையில முதல்ல எடுத்து நீட்டுற ஆர்பிட்டல் சாண்டருக்கு அடி தட்டை. கதவுக்கும் பலகைக்கும் அது தங்கமான சாமான். யானை முதுகுல வச்சா உருண்டையான இடத்துல ஒரு புள்ளியிலதான் உக்காரும். அந்தப் புள்ளியையே தின்னும். கை நகர நகர முதுகு பூரா சின்னச் சின்னத் தட்டையா விழுந்துடும். வெயில்ல சாய்ச்சுப் பாத்தா பலாக்கொட்டையைக் கத்தியால சீவின மாதிரி தெரியும். அடியில மெத்துனு ஒரு ஸ்பாஞ்ச் தட்டு வச்சு ஓட்டினா வெளிவளைவுக்குக் கொஞ்சம் தாங்கும். ஆனா காலுக்கு நடுவுல, தும்பிக்கைக்கு உள்பக்கம் எல்லாம் அது நுழையவே நுழையாது.

இதுல எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. இப்ப வர்ற மர யானைகளைப் பாருங்க. நிறைய பலகையில வரைஞ்சு அறுத்து ஓரத்தை மட்டும் மழுக்கினதுதான். தட்டை மெஷின்ல சீக்கிரம் முடியணும்னு யானையையே தட்டையாக்கிட்டாங்க. குழந்தை கைக்குள்ள நிறைஞ்சு நிக்கிற வயிறு அதுல இல்லை.

கடைசல்ல செய்யற பொம்மை வேற கதை. அம்பாசமுத்திரம் சொப்பு, சென்னப்பட்டணம் பொம்மை எல்லாம் சுத்திக்கிட்டே இருக்கும், தாளை நாம சும்மா பிடிச்சாப் போதும். அரக்கு ஏத்தி தாழை மடலை வச்சு அழுத்தினா பளபளன்னு வந்துடும். அந்த வேகத்தைப் பாத்துட்டு யானையையும் கிளியையும் அப்படியே முடிக்கலாம்னு நினைக்கக் கூடாது. அதெல்லாம் அச்சுல சுத்தாத உருவம்.

அப்போ எப்படித்தான் சீக்கிரம் முடிக்கிறது? நேரத்தை மிச்சம் பிடிக்கிற இடம் தேய்ப்புக்கு முன்னாடியே இருக்கு. உளித்தடம் பூராவும் அரத்துலயே போயிடணும். உருவத்தை உப்புத்தாளால கொண்டு வரப் பாத்தா தாளும் தீரும், தோளும் போகும்.

அதுக்கப்புறம் துணி ஒட்டின எமரியை ஒரு அங்குல அகலத்துக்கு நாடாவாக் கிழிச்சுக்கங்க. பொம்மையைப் பட்டறைப் பிடியில துணி சுத்தி இறுக்கிட்டு, குளிச்சு முதுகு துடைக்கிற துண்டு மாதிரி ரெண்டு கையாலயும் மாத்தி மாத்தி இழுங்க. நாடா வளைவோட சேர்ந்து வளையும். காகிதத்தாள் இந்த இழுவைக்குக் கிழிஞ்சிடும். துணி தாங்கும்.

குழிவான இடத்துக்கு நான் வச்சிருக்கிறது 16 மில்லிமீட்டர் சொட்டுநீர்க் குழாயோட வெட்டுத் துண்டு. அதுமேல தாளைச் சுத்தினா தும்பிக்கை வளைவுல சரியா உக்காரும். பெரிய வளைவுக்குப் பழைய ரப்பர் செருப்புத் துண்டு. அந்த ஒரு சாமானுக்காவது காசு செலவில்லை!

பத்து, இருபது பொம்மை செய்யறவங்களுக்கு மட்டும் ஒரு மெஷின் சொல்லுவேன். வீட்டுல இருக்கிற டிரில்லே போதும். எமரி இதழ் இதழா அடுக்கின சக்கரம் கிடைக்கும், அதை மாட்டுங்க. டிரில்லைப் பலகையில அசையாம இறுக்கி, பொம்மையை ரெண்டு கையால பிடிச்சுக் காட்டுங்க. இதழ் வளைஞ்சு கொடுக்கும், தட்டை விழாது. வேகத்தைக் குறைச்சே வைங்க. கையுறை, தொங்கற துண்டு, அவிழ்ந்த முடி எதுவும் கிட்ட வரக் கூடாது, சுத்தி இழுத்துடும். இரும்பு அறுக்கிற கிரைண்டர்ல எமரித் தட்டு மாட்டி மரத்தைத் தேய்க்கிறவங்களும் இருக்காங்க. கண் சிமிட்டறதுக்குள்ள யானைக் காதைக் காணோம்னு ஆயிடும். வேண்டாம்.

தாள் வரிசை 80, 120, 180, 220. நடுவுல ஒன்னைத் தாண்டினா முந்தின தாளோட கீறல் அப்படியே நிக்கும், எண்ணெய் பூசினப்புறம்தான் பல்லைக் காட்டும். எந்தத் தாளானாலும் மர ரேகை வாக்குலயே இழுங்க.

220 போட்டு முடிச்சதும் வேலை முடிஞ்சதுன்னு எடுத்து வைக்காதீங்க. ஈரத்துணியால பொம்மையைத் துடைச்சு நல்லாக் காய விடுங்க. தடவிப் பாத்தா மறுபடி சொரசொரன்னு இருக்கும். தண்ணி பட்டதும் நார் எழுந்து நிக்கும். அதை 220 தாளால லேசா எடுத்துடணும். பாப்பா வாங்கினதும் முதல்ல வாயிலதான் வைக்கும். இந்த வேலையை நாம பண்ணலைன்னா, நாரை எழுப்பற வேலையைப் பிள்ளையோட எச்சில் பண்ணிடும். சிலாம்பு உதட்டுல ஏறினா பொம்மை பரண்மேல போயிடும்.

தூசி விஷயத்தை மட்டும் விளையாட்டா எடுக்காதீங்க. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கற பொருள் பட்டியல்லயே உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வச்சிருக்கு. துண்டைக் கட்டிக்கிட்டா நுண்தூள் நிக்காது. கொரோனா காலத்துல வாங்கின என்95 மாஸ்க் வீட்டுல கிடக்குமே, அதைப் போடுங்க. அபார்ட்மெண்ட்ல இருக்கறவங்க மூடின ரூம்ல குழந்தையைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத் தேய்க்கவே தேய்க்காதீங்க. மொட்டை மாடிக்குப் போயிடுங்க.

ஒரு யானையை அறுத்துச் செதுக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். தேய்க்க ஒன்றரை மணி நேரம். சந்தையில "மரத்துண்டுக்கு இவ்வளவு விலையா"ன்னு கேக்கறவங்க அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கணக்குல சேக்கறதே இல்லை. ஒரு பொம்மை நீங்களே செஞ்சு பாத்தா விலை பேசற விதம் மாறும்னு நினைக்கிறேன். வெட்பாலையோ வேம்போ, நல்லாக் காய்ஞ்ச கட்டையா எடுங்க. ஈரக்கட்டையில தாள் அடைச்சுக்கிட்டு ஓடவே ஓடாது.

வாங்கறவங்களும் சரி, செய்யறவங்களும் சரி, கொஞ்சம் பஞ்சை எடுத்து பொம்மை முழுக்கத் தேய்ச்சுப் பாருங்க. காது மடிப்பு, கால் இடுக்கு, வால் நுனி எதையும் விடாதீங்க. பஞ்சு இழை மாட்டி நிக்கிற இடத்துல தேய்ப்பு இன்னும் பாக்கி.