இரண்டும் ஒரே இரவிலோ?

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, கல்லூரி நாட்களின் இனிய நினைவுகளையே எழுதுவோமென அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அதனை எம்மினும் நன்கு செய்ய வல்லோர் பலர் உளர். எமது தொழிலோ கணினி வலையமைப்பு. ஆகவே அத்தொழிலில் வேரூன்றிவிட்ட, மன்னார் போன்ற தொலைவிடங்களைப் பெரிதும் வருத்துகின்ற ஒரு வழக்கத்தைக் குறித்து எமது கருத்தைக் கூறத் துணிந்தோம்.

அலுவலகத்திலோ வைத்தியசாலையிலோ வங்கியிலோ உள்ள கணினிகளை ஒன்றோடொன்று இணைக்குங் கருவியை ஆளி என்கிறோம். இது விளக்கேற்றும் ஆளியன்று. வருஞ் செய்தி எக்கணினிக்குரியதெனப் பார்த்து உரிய வாயிலிற் சேர்ப்பிக்குந் தபாற்காரனை ஒத்தது. தபாற்காரன் நோயுற்றாலும் கடிதம் தங்கலாகாது என்பதற்காக, முக்கியமான இடங்களில் இரண்டு ஆளிகளை இரட்டையாக வைப்பர். ஒன்று வீழ்ந்தால் மற்றது தாங்கும். இவற்றினுள்ளும் மென்பொருள் உண்டு. அதிலுள்ள ஓட்டைகளைக் கள்வர் கண்டுகொள்ளுமுன் அடைத்தற்பொருட்டு, தயாரித்தோர் காலந்தோறும் புதிய பதிப்புகளை வெளியிடுவர். அவற்றை ஏற்றியபின் ஆளியை நிறுத்தி மீள இயக்கல் வேண்டும். மன்னாரைப் பொறுத்தவரை இவ்வேலை பெரும்பாலும் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால், கொழும்பிலுள்ள ஒரு மேசையிலிருந்து, நள்ளிரவிலே நிகழ்வது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இக்கரையோரத்து அலுவலகமொன்றில் அவ்வாறே நிகழ்ந்தது. அதன் பெயர் இங்கு வேண்டா. அங்கிருந்த இரண்டு ஆளிகளும் அடுக்காகப் பிணைக்கப்பட்டு, வெளிக்கு இரண்டாயினும் அறிவினால் ஒன்றாய் இயங்கின. அடுக்கிற்கு இட்ட கட்டளை இரண்டிற்கும் ஒருங்கே சென்றது, இரண்டும் ஒருங்கே உறங்கின, இரண்டும் எழவில்லை. காலையில் அலுவலகத்தைத் திறந்த பணியாளரைக் கொழும்பிலிருந்தோர் தொலைபேசியில் அழைத்து, விளக்குகளின் நிறம் யாதென வினவினர். "எல்லாஞ் செம்மஞ்சள் ஐயா" என்றார் அவர். அதற்குமேல் அவரிடம் கேட்கவும் அவருக்குச் சொல்லவும் ஒன்றுமில்லை. பொறியியலாளர் கொழும்பிலிருந்து புறப்பட்டு வந்துசேரும்போது மாலையாகிவிட்டது. பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் முதற் பஸ்சில் வந்த முதியோர் வாயிலில் வெயிலிற் காத்திருந்து வெறுங்கையராய்த் திரும்பினர். எம்மை இன்றும் உறுத்துவது வேறொன்று. அதே வீதியில், இத்தொழிலை முறையாகக் கற்று வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் இருந்தார். ஒரு கம்பியைச் செருகிப் பழைய பதிப்பை மீட்டுவிட அவருக்கு அரைமணி போதும். அந்தப் பெட்டியைத் தொட அவருக்கு அனுமதியில்லை. அவர் அங்கிருப்பது கொழும்பிலிருந்த எவருக்கும் தெரியவுமில்லை.

இது நமது நாட்டின் குறைபாடு மட்டுமன்று. அமெரிக்காவில் ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம் தனது தொலைபேசி ஆளிகளுக்கு 1989 டிசம்பரில் புதிய மென்பொருளை ஏற்றியது. 1990 ஜனவரி 15ஆந் திகதி ஓர் ஆளி சிறிது நேரம் நின்று மீண்டெழுந்து, "நான் நலம்" என்று அயலாளிகளுக்கு அறிவித்தது. புதிய மென்பொருளிலிருந்த ஒரு பிழையினால் அச்செய்தியே அவற்றை வீழ்த்திற்று. அவை எழுந்து அவ்வாறே அறிவிக்க, மற்றவை வீழ்ந்தன. நெடுந்தூரச் சேவை ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் தடுமாறியது. 114 ஆளிகளிலும் ஒரே பிழை இருந்தமையால் ஒன்றற்கொன்று துணையாகவில்லை. 1996 ஜூன் 4ஆந் திகதி விண்ணில் எழுந்த ஏரியன் 5 ஏவூர்தியிலும் திசையறி கருவிகள் இரண்டிருந்தன. இரண்டிலும் ஒரே மென்பொருள். துணைக்கருவி முதலில் வீழ்ந்தது. ஒரு வினாடியின் பத்திலொரு பங்கும் கழியுமுன் முதற்கருவியும் அதே காரணத்தால் வீழ்ந்தது. ஏவூர்தி நாற்பது வினாடியளவிற் சிதறியது.

தொலைவின் இடர் இதனின் வேறானது. கனடாவில் றொஜர்ஸ் நிறுவனம் 2022 ஜூலை 8ஆந் திகதி தன் மைய வலையமைப்பைத் தரமுயர்த்துகையிற் செய்த ஒரு பிழையால் ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் தொடர்பிழந்தனர். பிழையைத் திருத்துவதற்கான வழியும் அதே வலையமைப்பின் மேலேயே அமைந்திருந்தமையால், பொறியியலாளர் தாமே பூட்டிய வீட்டுக்கு வெளியே நின்றனர்.

மன்னார்த் தீவார்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. 1990இற் போரினிடையே பாலமும் தகர்ந்து இரயிலும் நின்றபோது, இரு வழிகளும் ஒருங்கே போயின. புதிய பாலம் 2010 மார்ச்சிலே திறக்கப்பட்டது. தலைமன்னாருக்கு இரயில் மீண்டும் வந்தது 2015இலே. ஒரே தாம்போதியின் வழியே தீவினுட் புகும் இரண்டு கம்பிகளை இரண்டென எண்ணுதல் எமக்கு ஒவ்வாது.

ஆகவே யாம் வேண்டுவது இது. இரட்டையில் ஒன்றை முதலில் மாற்றுக. அதற்கு முன்னரே ஒவ்வொரு முக்கிய கணினியிலிருந்தும் இரண்டு ஆளிகளுக்கும் தனித்தனிக் கம்பி செல்கின்றதா என ஒன்றை நிறுத்திப் பார்த்தறிக. வரைபடத்தில் இரண்டாய் இருந்து, கம்பியில் ஒன்றாய் இருந்ததைப் பலமுறை கண்டிருக்கிறோம். பழைய பதிப்பை ஆளியினுள்ளேயே பேணுக. மாற்றிய ஆளியின்மீது முழுச் சுமையையும் ஏற்றி, அலுவல் நடக்கும் ஒரு பகற்பொழுதேனும் பார்த்தபின் மற்றதைத் தொடுக. இரண்டு பதிப்புகள் நெடுநாள் அருகருகே இயங்குதல் ஆகாதெனத் தயாரித்தோர் எச்சரிப்பர். அது மெய்யே. ஆயினும் ஒரு பகலைப் பொறுக்கமாட்டாத இரட்டை மிகச் சிலவே; அத்தகையனவற்றைத் தொலைவிடங்களுக்கு வாங்காதொழிதல் நன்று. ஓட்டையை அடையாது காலங்கடத்துக என்று யாம் கூறவில்லை. அது இதனினுங் கேடு.

நள்ளிரவையும் யாம் ஏற்கோம். கொழும்பில் நள்ளிரவு வசதியானது. மன்னாரில் அவ்வேளை பஸ் இல்லை, கடை இல்லை, தெருவிற் கழுதைகளைத் தவிர விழித்திருப்பார் எவருமில்லை. விடுமுறை நாட்காலையில், கம்பியுடன் ஒருவர் பெட்டியருகே நிற்கச் செய்தலே முறை. அந்த ஒருவர் இவ்வூராராய் இருத்தல் வேண்டும். அனுமதியும் ஊதியமும் பெற்றவராய் இருத்தல் வேண்டும்.

அத்தகையோரை ஆக்குதற்குக் கல்லூரியால் இயலும். அலுவலகங்கள் கழித்துவிட்ட ஆளிகள் இரண்டு எம்மிடம் உள. உயர்தரத் தொழினுட்ப மாணவர் அவற்றைக் கழற்றவும் பூட்டவும், வேண்டுமென்றே வீழ்த்தி எழுப்பவும் பழகலாம். கொண்டுவருஞ் செலவைச் சில நண்பர்கள் ஏற்க இசைந்துள்ளனர். அதிபரவர்களிடம் யாம் வேண்டுவது ஆய்வுகூடத்தில் ஒரு மேசையும், சனிக்கிழமைகளில் அதன் திறப்புமே.