விவாகப் பதிவேடு யாருடைய சொத்து?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு விவாகம் எவ்வளவு பெரிய தேவாலயத்தில், எவ்வளவு பேர் முன்னிலையில் நடந்தாலும், அதற்கு முன்னதாக அனுமதி கொடுப்பதும், பின்பு அது நடந்தேறியதென்று எழுதி வைப்பதும், பெரும்பாலான மாநிலங்களில், கவுண்டி என்ற சிறு நிர்வாகப் பிரிவின் கச்சேரிதான். ஏறக்குறைய நம் ஜில்லாவின் ஸ்தானத்தில் உள்ள இந்தக் கவுண்டிகள் அங்கே 3,000-க்கு மேல் இருக்கின்றன. ஓஹையோவில் உயில்களையும் வாரிசு விவகாரங்களையும் கவனிக்கும் புரொபேட் கோர்ட்டே கல்யாணப் புத்தகத்தையும் வைத்திருக்கிறது. வர்ஜீனியாவில் அந்தப் பொறுப்பு, 8 ஆண்டுகளுக்கு ஒரு முறை ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்படும் சர்க்யூட் கோர்ட்டுக் கிளார்க்கினுடையது. தேசம் முழுமைக்கும் பொதுவான விவாகப் பதிவேடு அங்கே கிடையாது. ஆகையால், தன் பாட்டன் பாட்டிமாரின் கல்யாணத்துக்கு ஆதாரம் தேடுகிறவர், ஆண்டும் தேதியும் அறிவதற்கு முன்னால், அது எந்தக் கவுண்டியில் நடந்தது என்பதை அறிந்தாக வேண்டும்.

இந்த ஏடுகளின் அட்டவணையை யார் வேண்டுமானாலும், 'எதற்காகக் கேட்கிறாய்?' என்ற கேள்விக்கு உள்ளாகாமல், நகலெடுக்கும் செலவை மாத்திரம் கொடுத்துப் பார்க்கலாம் என்ற வழக்கம் நீடித்திருக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். ஒரு பக்கத்தில் அந்தரங்கத்தைக் காப்பது என்ற பெயரால் கதவு சாத்தப்படுகிறது. மற்றொரு பக்கத்தில், பொதுப் பணத்தில் எழுதிப் பொதுப் பணத்தில் பாதுகாத்த ஏடுகளில் பல, வம்சாவளி வியாபாரம் செய்யும் கம்பெனிகளுக்குச் சந்தா கட்டியவர்களுக்கே சுலபமாகக் கிட்டுகின்றன. இவ்விரண்டினாலும் யாருக்கு நஷ்டம் என்பதை உணர, வர்ஜீனியா, வட கரோலினா ஆகிய இரு மாநிலங்களின் பழைய கோர்ட்டு ஏடுகளைச் சிறிது புரட்டிப் பார்ப்பது நலம்.

அந்தப் பிரதேசங்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், விவாகம் செய்துகொள்ள விரும்பிய மாப்பிள்ளை ஒரு ஜாமீன்தாரரை அழைத்துக்கொண்டு கவுண்டி கோர்ட்டுக்குப் போய், இந்தக் கல்யாணத்துக்குச் சட்டப்படி எந்தத் தடையும் இல்லை என்று பத்திரம் எழுதிக் கொடுப்பது வழக்கம். பத்திரம் எழுதியதனாலேயே கல்யாணம் நடந்துவிட்டதாக அர்த்தமில்லை. ஆனால் ஜாமீன் கையெழுத்திட்டவர் அநேகமாகப் பெண்ணின் தகப்பனாராகவோ சகோதரராகவோ இருப்பாராகையால், பெண் வீட்டாரின் பெயர் வேறெங்கும் கிடைக்காத குடும்பங்களுக்கு அந்த ஒரு கையெழுத்தே வழிகாட்டியாகிறது. வர்ஜீனியாவில் 1853 முதல் எழுதப்பட்ட பதிவேடுகளோ இன்னும் விரிவானவை: மணமக்களின் வயது, பிறந்த இடம், வசிக்கும் இடம், பெற்றோர் பெயர், மணமகனின் தொழில், கல்யாணத்தை நடத்தி வைத்தவர் பெயர் எல்லாம் அவற்றில் உண்டு.

ஆனால் இவையெல்லாம் சுதந்திர மனிதர்களுக்குத்தான். அடிமைக்குச் சட்டப்படி விவாகம் என்பதே கிடையாது. ஆயுள் முழுவதும் சேர்ந்து வாழ்ந்து பிள்ளைகளைப் பெற்ற தம்பதிகளையும் எஜமானன் ஒரு நாள் காலையில் தனித்தனியாக விற்றுவிடலாம். உள்நாட்டு யுத்தம் முடிந்து அடிமைத்தளை அறுந்த பிறகு, 1866-ஆம் ஆண்டில், வட கரோலினா ஒரு சட்டம் இயற்றி, முன்னாள் அடிமைகளாய்க் கணவன் மனைவியாக வாழ்ந்து வருபவர்கள் கவுண்டி கோர்ட்டுக் கிளார்க்கின் முன்னிலையிலோ ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்ற உத்தியோகஸ்தரின் முன்னிலையிலோ வந்து, தாங்கள் எவ்வளவு காலமாகச் சேர்ந்து வாழ்கிறோம் என்று சொல்லி, 25 சென்ட் கட்டணம் செலுத்திப் பதிந்துகொள்ள வேண்டும் என்று விதித்தது. நேற்று வரை தாமே பிறருடைய சொத்தாக எண்ணப்பட்டவர்கள், கூலி வேலையை விட்டுவிட்டு, அந்தக் காசைச் சேர்த்துக்கொண்டு கோர்ட்டுக்கு வந்து நின்றார்கள். பத்து ஆண்டு, இருபது ஆண்டு, அதற்கும் மேல் என்று அவர்கள் சொன்ன கணக்கைக் கிளார்க் எழுதிக்கொண்டார். சாசனம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தகுதியான ஏடு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வர்ஜீனியாவில் அதே ஆண்டில், ஃப்ரீட்மென்ஸ் பீரோ என்ற மத்திய சர்க்கார் இலாகாவின் உத்தியோகஸ்தர்கள் கவுண்டிதோறும் இத்தகைய பதிவேடுகளைத் தயாரித்தார்கள். அவற்றில் ஒரு பக்கத்தைக் கவனியுங்கள். கணவன் பெயர், வயது, பிறந்த இடம், இருப்பிடம், தொழில். அடுத்த பத்தியில் அவனுடைய கடைசி எஜமானன் பெயர், எஜமானனின் ஊர். மனைவிக்கும் இத்தகைய விவரங்கள் தனியாக. பின்பு பிள்ளைகளின் பெயரும் வயதும். கணவனுக்கு ஒரு எஜமானனும் மனைவிக்கு வேறொரு எஜமானனுமாக இருப்பதைக் காணும்போது, அவர்கள் இல்லறம் எந்த நிலைமையில் நடந்திருக்கும் என்பதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1850, 1860-ஆம் ஆண்டுகளின் ஜனக்கணக்கில் அடிமைகளுடைய வயதும் பாலும் நிறமும் எழுதப்பட்டனவே தவிர, மிகச் சில இடங்கள் நீங்கலாக, பெயர் எழுதப்படவில்லை. 1870-இல்தான் அவர்கள் எல்லோரும் பெயருடன் வருகிறார்கள். அதற்கு முந்திய காலத்துக்குப் போக விரும்பும் கறுப்பினக் குடும்பங்களுக்குக் கோர்ட்டில் தங்கிவிட்ட இந்தப் பக்கங்கள் எவ்வளவு அருமையானவை என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

வர்ஜீனியாவின் பழைய கோர்ட்டு ஏடுகளோ எல்லாக் கவுண்டிகளிலும் தப்பவில்லை. யுத்த காலத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று பல கவுண்டிகள் தம் ஏடுகளைத் தலைநகரான ரிச்மண்டுக்கு அனுப்பி வைத்தன. 1865 ஏப்ரலில் அந்நகரத்தைக் காலி செய்தபோது எழுந்த தீயில் அவை எரிந்துபோயின. ஹானோவர், ஜேம்ஸ் சிட்டி போன்ற கவுண்டிகளின் பழைய ஏடுகளில் பெரும் பகுதி இவ்விதம் அழிந்தது. இத்தகைய இடங்களுக்கு எழுதுகிறவர்கள், பதிவு இல்லை என்ற பதிலைக் கல்யாணம் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாகாது. நிலப் பத்திரங்கள், உயில்கள், தேவாலயக் குறிப்புகள் ஆகியவற்றில் தேட வேண்டும்.

எழுதிக் கேட்பதிலும் சில முறைகள் உண்டு. மணமக்கள் இருவர் பெயரையும், அவற்றை வேறு விதமாக எழுதியிருக்கக்கூடிய எழுத்துக்கூட்டல்களையும், உத்தேசமான ஆண்டுகளையும் குறிப்பிட வேண்டும். சான்றிதழை மாத்திரம் கேட்டால் இரண்டு பெயரும் ஒரு தேதியும்தான் வரும். விண்ணப்பம், லைசென்ஸ், கல்யாணத்தை நடத்தியவர் திருப்பி அனுப்பிய அறிக்கை ஆகிய எல்லாவற்றின் நகலையும் கேட்டால்தான் பெற்றோர் பெயரும் பிறந்த ஊரும் தெரியவரும். குடும்பச் சரித்திரத்துக்குச் சாதாரண நகல் போதும். சட்ட காரியங்களுக்குச் சான்றிட்ட நகல் தேவை. அந்நாட்டுக் கோர்ட்டுகளில் விவாகம் செய்துகொள்ளும் நம்மவர்களும் இதை அறிந்திருப்பது நல்லது. அந்தச் சான்றிதழை இந்தியாவில் காட்ட வேண்டுமானால், கவுண்டியின் சான்றிட்ட நகலை வாங்கி, அதே மாநிலத்தின், பெரும்பாலும் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட், அலுவலகத்தில் அப்போஸ்டில் என்னும் முத்திரையைப் பெற வேண்டும். வீட்டில் சட்டம் போட்டு மாட்டும் அலங்காரப் பத்திரம் அதற்கு உதவாது.

கவுண்டி எல்லையைத் தாண்டிப் போய்க் கல்யாணம் செய்துகொண்டவர்களும் பலர். அவர்களில் உலகம் அறிந்தவர்கள் ரிச்சர்ட் லவிங், மில்ட்ரெட் ஜீட்டர் என்ற வர்ஜீனியாத் தம்பதிகள். அவர் வெள்ளையர், அவள் வெள்ளையரல்லாதவள் என்ற காரணத்தால், 1924-ஆம் ஆண்டின் இனச் சட்டம் அவர்களுக்குச் சொந்தக் கவுண்டியான காரலைனில் லைசென்ஸ் கிடைக்க வழியில்லாமல் செய்தது. 1958 ஜூனில் வாஷிங்டன் நகரத்துக்குப் போய் மணம் புரிந்து ஊர் திரும்பினார்கள். ஜூலையில் ஓர் இரவு ஷெரீப் படுக்கை அறைக்குள்ளேயே வந்து நின்றபோது, சுவரில் தொங்கிய விவாகச் சான்றிதழை அவர்கள் காட்டினார்கள். அது இங்கே செல்லாது என்று சொல்லி அவர் கைது செய்தார். அவர்களுடைய விவாகப் பதிவு ஒரு நகரத்தின் கோர்ட்டிலும், அந்த விவாகத்துக்காக அவர்கள் பெற்ற தண்டனை சொந்தக் கவுண்டியின் கோர்ட்டிலும் இடம்பெற்றன. 1967 ஜூன் 12-இல் சுப்ரீம் கோர்ட் ஏகமனதாகத் தீர்ப்பளித்து, வர்ஜீனியா உட்பட 16 மாநிலங்களில் இருந்த அத்தகைய சட்டங்களைச் செல்லாதவையாக்கியது. அப்படியிருந்தும், மணமக்களின் இனத்தைக் கேட்கும் கேள்வி வர்ஜீனியாவின் விண்ணப்பத்தில் நீடித்தது. 2019-இல் சில ஜோடிகள் வழக்காடிய பின்னரே அதைக் கட்டாயமாகக் கேட்கக்கூடாது என்று ஆயிற்று. சர்க்கார் தன் பிரஜைகளை எவ்விதம் நடத்தியது என்பதற்குச் சர்க்காரின் ஏடுகளே சாட்சி. ஏடு மூடப்பட்டால் சாட்சியும் மூடப்படும்.

வர்ஜீனியாவில் மாநில சுகாதார இலாகாவின் வசமுள்ள விவாகப் பதிவுகள் 25 ஆண்டு வரையில் பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதில்லை. உயிரோடிருப்பவர்களின் அடையாள எண்கள் முதலியவற்றைத் தீயவர்கள் அபகரிக்கலாம் என்ற அச்சம் நியாயமானதே. அதற்குப் பரிகாரம், நகல் கொடுக்கும்போது அந்த எண்களை மறைத்துக் கொடுப்பது. இன்னார் இன்னாரை இன்ன நாளில் மணந்தார் என்ற செய்தியை மறைப்பதால் யாருக்கும் பாதுகாப்பு உண்டாவதில்லை. முன்பே மணமான ஒருவன் அதை ஒளித்து மற்றொரு பெண்ணை ஏமாற்றும்போது அவளுக்குத் துணை நிற்கக்கூடியது, யாரும் பார்க்கத்தக்க விவாக அட்டவணை ஒன்றே.

நியூயார்க் நகரத்தில், 'ரிக்ளெய்ம் தி ரெக்கார்ட்ஸ்' என்ற லாப நோக்கமற்ற சங்கம், தகவல் பெறும் சட்டத்தைத் துணைகொண்டு 2015-இல் வழக்குத் தொடுத்து, 1908 முதல் 1929 வரையிலான விவாக லைசென்ஸ் அட்டவணைகளின் நகலைப் பெற்று, எல்லோரும் இலவசமாகப் பார்க்கும்படி செய்தது. முன்னாள் அடிமைகளின் வர்ஜீனியாப் பதிவேடுகளையும் அம்மாநில நூலகம் படமெடுத்து வெளியிட்டிருக்கிறது. மற்ற மாநிலங்களும் இதைப் பின்பற்ற வேண்டும். கவுண்டிக் கிளார்க்குகளுக்கு ஏடுகளைப் படமெடுக்கவும் அட்டவணை தயாரிக்கவும் மாநிலங்கள் பணம் ஒதுக்க வேண்டும். எந்தக் கம்பெனிக்கு அந்தப் படங்களைக் கொடுத்தாலும், அதே படங்களைப் பொதுமக்களும் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தின் முதல் ஷரத்தாக எழுத வேண்டும்.